பேட்டைக்கு ஒரு லத்தீனோ படவிழா: மூன்று நாள் விழாவை நடத்தும் முறை

அமெரிக்காவின் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வேர் கொண்ட மக்கள்) படவிழாக்கள் பலவும் சின்னதாகப் பிறந்தவைதான். டெக்சஸின் சான் அன்டோனியோவில் 1970களின் நடுவில் சிகானோ (மெக்சிகோ வேர் கொண்ட அமெரிக்கர்) படவிழாவாகத் தொடங்கியது, இன்று சினேஃபெஸ்டிவல் என்ற பெயரில் நடக்கிறது. சிகாகோ லத்தீனோ படவிழா 1985இல் ஒரு கல்லூரியின் கான்கிரீட் சுவரில் 14 படங்களைக் காட்டித் தொடங்கியது. பார்த்தவர்கள் சுமார் 500 பேர். சான் டியேகோ விழா மாணவர் படங்களுக்காக ஆரம்பித்தது. சிவப்புக் கம்பளமெல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை.

இந்தக் குறிப்புகள் அந்தத் தொடக்க அளவுக்கானவை: 200 இருக்கை, மூன்று நாள், ஏழு காட்சி, பத்தாயிரம் டாலருக்குள் செலவு. இப்படிப்பட்ட விழா இரண்டு இடங்களில் கெடுகிறது. ஒன்று, திரையிடும் உரிமை கையில் இல்லாமல் விளம்பரம் போட்டுவிடுவது. மற்றது, சினிமா ஆர்வலர்கள் வந்து அரங்கை நிரப்பியும், அடுத்த தெருவில் குடியிருக்கும் லத்தீனோ குடும்பம் ஒன்றுகூட எட்டிப் பார்க்காமல் போவது. முதலாவதைப் பணம் கொடுத்துச் சரிசெய்யலாம். இரண்டாவதை விழா நெருங்கிய பிறகு எதைக் கொடுத்தும் சரிசெய்ய முடியாது. அதனால் படப் பட்டியலைக் கையில் எடுக்கும் முன் பார்க்கப்போகிறவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

யார் குடியிருக்கிறார்கள்?

2020 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஆறு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட லத்தீனோக்கள் உண்டு. ஆனால் 'லத்தீனோ பார்வையாளர்' என்று ஒருவர் எங்கும் கிடையாது. சிகாகோவின் பில்சன், லிட்டில் வில்லேஜ் பகுதிகளில் மெக்சிகோ வேர் கொண்டவர்கள் வாழ்கிறார்கள். நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸில் டொமினிக்கன்கள், ஜாக்சன் ஹைட்ஸில் கொலம்பியர்கள், வாஷிங்டன் நகரைச் சுற்றி சால்வடோரியர்கள், மாசசூசெட்ஸின் ஃப்ரேமிங்ஹாமில் பிரேசிலியர்கள், ஃபுளோரிடாவின் டோரலில் வெனிசுலாக்காரர்கள். டொமினிக்கன் பேட்டையில் மூன்று நாளும் மெக்சிகோ படமாகவே ஓட்டினால் 'இது நமக்கில்லை' என்று முதல் நாளே முடிவு கட்டிவிடுவார்கள்.

ஊகிக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்தில் சமூக ஆய்வுத் தரவில் பி03001 என்ற அட்டவணை இருக்கிறது. லத்தீனோக்களை நாடுவாரியாகப் பிரித்து, பேட்டை அளவு வரைக்கும் காட்டும். அரங்கைச் சுற்றி இரண்டு மைலுக்குள் முதல் மூன்று இடத்தில் வரும் நாடுகளைக் குறித்துக்கொண்டு, ஏழு காட்சிகளில் நான்கையாவது அவற்றுக்கு ஒதுக்குங்கள். மீதி மூன்றில் உங்கள் ரசனையைக் காட்டலாம்.

எல்லையையும் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். பிரேசில் உண்டா? ஸ்பெயின் உண்டா? அமெரிக்காவிலேயே பிறந்து ஆங்கிலத்தில் படம் எடுக்கும் லத்தீனோ இயக்குநர்கள் உண்டா? எங்கள் கருத்தில் முதலாவதும் மூன்றாவதும் கட்டாயம். ஸ்பெயினுக்கு வேறு மேடைகள் நிறைய இருக்கின்றன. நீங்கள் எப்படி முடிவெடுத்தாலும் விண்ணப்ப விதியில் அது ஒரே வரியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாட்ரிட் குறும்படங்கள் குவிந்து, தேர்வுக் குழுவுக்குள் சண்டை மூளும்.

குழுவில் ஐந்து பேர் போதும், இருவராவது அந்தப் பேட்டைக்காரர்களாக இருந்தால். 'ஆலோசகர்' என்று பெயர் போட்டு ஓரமாக உட்கார வைப்பதில் பயனில்லை. படத்தைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் அவர்களிடம் இருக்க வேண்டும்.

தேதி

செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை அமெரிக்காவில் ஹிஸ்பானிக் மரபு மாதம். எல்லாரும் முதலில் நினைப்பது அந்த மாதத்தைத்தான். தவிர்க்கச் சொல்வதற்குக் காரணமும் அதுவே. நூலகம், பல்கலைக்கழகம், வங்கி, நகராட்சி எல்லாம் அந்த ஒரு மாதத்தில் அதே பேச்சாளர்களையும் அதே நன்கொடையாளர்களையும் துரத்திக்கொண்டிருக்கும். ஏப்ரலோ நவம்பர் நடுப்பகுதியோ மேல்.

நாட்காட்டியில் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டிய சில: மே 10 (மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடோர் நாடுகளில் எந்தக் கிழமையானாலும் அன்றுதான் அன்னையர் தினம்), புனித வாரம், டிசம்பர் 12 குவாடலூப்பே அன்னை திருநாள். கால்பந்து அட்டவணையையும் பாருங்கள். மெக்சிகோ லீக் இறுதிப்போட்டி இரவன்று எந்தப் படமும் தோற்கும்.

விழாவுக்கு ஒன்பது மாதம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். ஆறு மாதத்தில் முடிக்கலாம். விருந்தினருக்கு விசா வேண்டியிருந்தால் முடியாது.

உரிமை: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

கடையில் வாங்கிய டிஸ்க்கோ, கட்டணம் கட்டிய ஸ்ட்ரீமிங் கணக்கோ வீட்டில் பார்ப்பதற்கு மட்டும் அனுமதி தருகிறது. குடும்பம், நெருங்கிய வட்டம் தாண்டிப் பலர் கூடும் இடத்தில் காட்டினால் அமெரிக்கச் சட்டப்படி அது பொதுத் திரையிடல். நுழைவு இலவசமா, லாபநோக்கம் உண்டா என்பதெல்லாம் இதில் கணக்கில்லை. மீறினால் ஒரு படத்துக்கு 750 முதல் 30,000 டாலர் வரை சட்டம் நிர்ணயித்த இழப்பீடு. தெரிந்தே செய்தால் 1,50,000 வரை போகும்.

அடிக்கடி கேட்கும் மூன்று தவறான நம்பிக்கைகள் உண்டு.

'கல்லூரியில் காட்டினால் உரிமை வேண்டாம்.' சட்டத்தின் 110(1) பிரிவு விலக்குத் தருவது உண்மை. ஆனால் அது வகுப்பறையில், ஆசிரியர் மாணவர் நேருக்கு நேர் இருக்கும் பாடத்துக்கு மட்டும். பொதுமக்களுக்குக் கதவு திறந்த உடனே விலக்கு போய்விடும்.

'மெக்சிகோ பொற்காலப் படங்கள் பழையவை, காப்புரிமை முடிந்திருக்கும்.' முடியவில்லை. அமெரிக்காவில் ஒருகாலத்தில் புதுப்பிக்காமல் காலாவதியான வெளிநாட்டுப் படங்களுக்கு, சொந்த நாட்டில் உரிமை உயிரோடு இருந்தால், உருகுவே சுற்று ஒப்பந்தச் சட்டம் 1996 ஜனவரி 1 முதல் காப்புரிமையை மீட்டுக் கொடுத்துவிட்டது. 1940களின் கறுப்பு வெள்ளைப் படம் யூடியூபில் கிடைக்கிறது என்பதற்காக இலவசம் ஆகிவிடாது. அமெரிக்கப் படங்களுக்கு இந்த மீட்பு கிடையாது. நியூ மெக்சிகோ சுரங்கத் தொழிலாளர்களே நடித்த, 1954இல் வந்த 'சால்ட் ஆஃப் தி எர்த்' காப்புரிமை புதுப்பிக்கப்படாமல் பொதுவுடைமை ஆனது. பணமில்லாத முதல் வருடத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைப்பது அரிது. ஆனாலும் புதிதாகச் சீரமைத்த பிரதி ஒன்றை யாரிடமாவது வாங்கினால் அவர்கள் நிபந்தனையையும் படியுங்கள்.

'இயக்குநரே சரி என்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டார்.' அவரிடம் உரிமை இருந்தால்தானே. பெரும்பாலும் அது தயாரிப்பாளரிடமோ உலக விற்பனை முகவரிடமோ இருக்கும். அமெரிக்காவில் விநியோகஸ்தர் வாங்கிய பிறகு அவரிடம் மட்டும்.

யாரைக் கேட்பது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அமெரிக்க விநியோகஸ்தர்: பிராக்டா ஸ்பானிய, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கென்றே இருப்பது, கினோ லோர்பர், ஃபிலிம் மூவ்மென்ட், இகாரஸ், விமன் மேக் மூவீஸ் ஆகியோரிடமும் லத்தீன் அமெரிக்கப் படங்கள் உண்டு. நியூயார்க்கின் சினிமா டிராப்பிகல் அமைப்பு யாரிடம் எது இருக்கிறது என்று நன்கு அறிந்தது. அமெரிக்காவில் விநியோகம் இல்லாத படத்துக்கு இறுதிப் பெயர்ப்பட்டியலில் வரும் தயாரிப்பு நிறுவனத்தைப் பிடியுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் அந்நாட்டு திரைப்பட நிறுவனம்: மெக்சிகோவுக்கு இம்சினே, அர்ஜென்டினாவுக்கு இன்கா, கொலம்பியாவுக்கு ப்ரோஇமாஹெனஸ், பிரேசிலுக்கு அன்சினே. கியூபா படம் என்றால் பொருளாதாரத் தடை குறுக்கே நிற்குமோ என்ற பயம் வரும். ஏற்கெனவே எடுத்து முடித்த படங்கள் தகவல் சார்ந்த பொருள் என்ற வகையில், 1988இன் பெர்மன் திருத்தப்படி, தடைக்கு வெளியே நிற்கின்றன. ஆனால் உங்கள் வங்கி அதைப் படித்திருக்காது. பணம் அனுப்பும் வழியை முன்பே பேசி வையுங்கள்.

கேட்கும் மின்னஞ்சலில் இருக்க வேண்டியவை: விழாவின் பெயர், நாள், எத்தனை காட்சி, இருக்கை எண்ணிக்கை, டிக்கெட் விலை, திரையிடும் வடிவம், நீங்கள் தரத் தயாராக இருக்கும் தொகை. கடைசியதை எழுதக் கூச்சப்படாதீர்கள். 'எவ்வளவு?' என்று கேட்டால் பெரிய எண் வரும். '200 இருக்கை, ஒரு காட்சி, 300 டாலர்' என்று எழுதினால் பெரும்பாலும் சரி என்றோ கொஞ்சம் கூட்டியோ பதில் வரும். சின்ன விழாக்களில் முழுநீளப் படத்துக்கு 200 முதல் 500 டாலர் வழக்கம். குறும்படங்களை இலவசமாகத் தருவார்கள்; எங்கள் யோசனை, 50 டாலராவது கொடுங்கள்.

வெளிநாட்டுக்குப் பணம் போகும்போது இரண்டு சிக்கல். 50 டாலர் அனுப்ப வங்கிப் பரிமாற்றத்துக்கே 40 டாலர் ஆகலாம். இணையவழிப் பரிமாற்றச் சேவை எதையாவது பெறுநரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். அடுத்தது வரி. அமெரிக்காவில் காட்டும் உரிமைக்காக வெளிநாட்டவருக்குத் தரும் தொகையில் 30 சதவீதம் பிடித்தம் செய்ய வேண்டும் என்பது பொது விதி. லத்தீன் அமெரிக்காவில் மெக்சிகோ, சிலி, வெனிசுலா ஆகியவற்றோடு வரி உடன்படிக்கை இருப்பதால் உரிய படிவம் வாங்கி வைத்தால் பிடித்தம் குறையும். அர்ஜென்டினா, பிரேசில், கொலம்பியாவோடு அது இல்லை. கணக்கரிடம் அரைமணி நேரம் பேசிவிடுவது மலிவு.

கையெழுத்தான தாளோ, தெளிவான சம்மத மின்னஞ்சலோ வரும்வரை அந்தப் படத்தின் பெயர் சுவரொட்டியில் ஏறக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

படத்தைத் தேர்வது

குறும்படங்களுக்குப் பொது அழைப்பு விடுங்கள். ஃபிலிம்ஃப்ரீவே தளத்தை எல்லாரும் அறிவார்கள். ஸ்பானிய உலகத்தில் ஃபெஸ்ட்ஹோம் தளத்துக்கும் நல்ல புழக்கம். 25 டாலர் விண்ணப்பக் கட்டணம் கொலம்பியாவின் மெடெயினிலோ பொலிவியாவின் லா பாஸிலோ இருக்கும் மாணவருக்குப் பெரிய தொகை. பேட்டைக்காரர்களுக்கும் லத்தீன் அமெரிக்க மாணவர்களுக்கும் கட்டணவிலக்குக் குறியீடு கொடுத்துவிடுங்கள்.

பார்க்கும் நேரத்தை முதலிலேயே கணக்குப் போடுங்கள். 150 குறும்படம், சராசரி 12 நிமிடம் என்றால் 30 மணி நேரம். ஒவ்வொன்றையும் இருவர் பார்க்க வேண்டும், ஆக 60. ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு 12 மணி நேரம். இதை ஒரே வாரத்தில் செய்யச் சொன்னால் கடைசி நாற்பது படங்களை யாரும் ஒழுங்காகப் பார்க்கமாட்டார்கள். நான்கு வாரம் கொடுங்கள்.

முழுநீளப் படங்களை அழைப்பில் எதிர்பார்க்காமல் நீங்களே தேடிப் போங்கள். ஹவானாவில் 1979இலிருந்து நடக்கும் புதிய லத்தீன் அமெரிக்கத் திரைப்பட விழா, குவாதலஹாரா, மொரேலியா, கார்த்தஹேனா விழாக்களின் கடந்த இரண்டு வருடப் பட்டியலைப் படித்தாலே எண்பது பெயர் தேறும்.

தேர்வில் ஒரு பொதுப் பிழை. எல்லைச்சுவர், போதைக் கும்பல், காணாமல் போன பிள்ளைகள் என்று ஏழு காட்சியும் துயரமாகவே போய்விடும். விழாக்களில் பரிசு வாங்குவது அந்த வகை என்பதால் பட்டியலில் அது தானாக ஏறிக்கொள்ளும். வாரம் ஆறு நாள் கட்டட வேலை பார்த்துவிட்டு ஏழாம் நாள் பிள்ளைகளோடு வருபவருக்கு அதைக் காட்டி நீங்கள் எதைப் புதிதாகச் சொல்லப்போகிறீர்கள்? நகைச்சுவை ஒன்று, இசை சார்ந்தது ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று கட்டாயம் வையுங்கள். துயரப் படம் ஒன்றோ இரண்டோ போதும். அதையும் சனி மாலை விவாதத்தோடு.

ஏழு காட்சிக்கான அடுக்கு இப்படி இருக்கலாம். வெள்ளி இரவு 7 மணிக்கு, பாட்டி முதல் பேரன் வரை உட்காரக்கூடிய திறப்புவிழாப் படம். சனி காலை 11க்குக் குழந்தைகள் படம், 2க்கு முதல் குறும்படத் தொகுப்பு, 5க்கு ஆவணப்படம், 8க்கு ஆண்டின் நல்ல படம். ஞாயிறு காலை பூசை நேரம், தொடாதீர்கள். 2 மணிக்கு உள்ளூர்க்காரர் எடுத்த குறும்படங்கள், 5க்கு நிறைவுப் படம். ஞாயிறு 2 மணிக் காட்சிதான் பெரும்பாலும் முழுதாக நிறையும். நடித்தவரின் அத்தை மாமா எல்லாரும் வருவார்கள்.

ஒரு தொகுப்பில் ஆறு குறும்படம், மொத்தம் 85 நிமிடத்தைத் தாண்டாமல். காட்சி முடிந்து 25 நிமிடம் கேள்வி பதில், பிறகு அரங்கைக் காலி செய்து துடைக்க 30 நிமிடம். இந்த 30ஐ யாராவது வெட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சனி 2 மணிக்கு விழும் பத்து நிமிடத் தாமதம் இரவு 8 மணிக்கு முக்கால் மணி நேரமாகிவிடும்.

திரையில் எந்த மொழி

ஸ்பானிய, போர்த்துகீசியப் படத்துக்கு ஆங்கில வசனவரி எல்லாரும் போடுவார்கள். மறந்துபோவது மறுபக்கம்: ஆங்கிலத்தில் பேசும் லத்தீனோ படத்துக்கு ஸ்பானிய வசனவரி. அது இல்லாவிட்டால் முதல் தலைமுறைப் பெற்றோர் வெளியே நிற்பார்கள். போர்த்துகீசியப் படத்தை ஸ்பானியம் பேசுபவர்கள் புரிந்துகொள்வார்கள் என்றும் நம்பாதீர்கள். முடிந்தால் இரண்டு வரியும் போடுங்கள். கெச்சுவா, ஐமாரா, குவாரனி, மாயன் மொழிப் படமானால் பெரும்பாலும் ஸ்பானிய வரி படத்திலேயே பதிந்திருக்கும்; ஆங்கிலப் பிரதி தனியாக இருக்கிறதா என்று உரிமை பேசும்போதே கேளுங்கள்.

தனிக் கோப்பாக வரும் வசனவரியை யூடிஎஃப்-8 குறியீட்டில் சேமிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஸ்பானிய எழுத்துகளின் மேல் இருக்கும் சுழியும் கோடும் கேள்விக்குறியாக மாறிவிடும். ஸ்பானிய எழுத்தில் சுழி விடுபட்டுப்போனால் 'வருடம்' என்பது ஆசனவாய் என்று ஆகும். அரங்கு சிரிக்கும், படத்துக்காக அல்ல.

கோப்பும் கருவியும்

முறையான திரையரங்கில் காட்டினால் டிசிபி (திரையரங்கு சர்வரில் ஓடும் டிஜிட்டல் படக் கோப்புத் தொகுப்பு) கேட்பார்கள். 2கே அளவில் சாதாரணத் திரைக்கு 1998×1080 பிக்சல், அகன்ற திரைக்கு 2048×858. தரவு வேகம் நொடிக்கு அதிகபட்சம் 250 மெகாபிட்; ஆகவே 90 நிமிடப் படம் 170 ஜிபி வரைக்கும் வரலாம். அதை 50 மெகாபிட் இணைப்பில் இறக்கினால் ஏழரை மணி நேரம் ஆகும். வெள்ளி மதியம் தொடங்கிவிட்டு இரவு 7க்குக் காட்ட முடியாது. ஒரு வாரத்துக்கு முன்பே கைக்கு வர வேண்டும்.

பூட்டிய டிசிபி என்றால் கேடிஎம் என்ற சாவிக் கோப்பு தேவை. அது ஒரு குறிப்பிட்ட சர்வருக்கும் குறிப்பிட்ட நேர இடைவெளிக்கும் மட்டுமே திறக்கும். அரங்கின் சர்வர் சான்றிதழை வாங்கி விநியோகஸ்தருக்கு அனுப்புவது உங்கள் வேலை. சாவி காட்சிக்கு இரண்டு நாள் முன்பே திறக்கட்டும். ஒத்திகை பார்க்க அதுதான் வழி. 'காட்சிக்கு ஒரு மணி முன்' என்று வரும் சாவியில் நேரமண்டலப் பிழை இருந்தால், அதைச் சரிசெய்ய வேண்டியவர் வேறு நாட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். குறும்படக்காரர்களிடம் பூட்டாத டிசிபிதான் வேண்டும் என்று விதியிலேயே எழுதுங்கள். நொடிக்கு 25 ஃபிரேமில் வரும் கோப்பைச் சில பழைய சர்வர்கள் ஏற்காது, 24 கேளுங்கள்.

நூலக மண்டபம், பள்ளி அரங்கு என்றால் ப்ரோரெஸ் அல்லது எச்.264 வடிவ வீடியோ கோப்பு போதும். 90 நிமிடத்துக்கு ப்ரோரெஸ் உயர்தரம் சுமார் 120 ஜிபி. நொடிக்கு 20 மெகாபிட்டில் எச்.264 என்றால் 13, 14 ஜிபிதான். வட்டை எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. டிவிடியை நம்ப வேண்டாம், அது விற்கும் நாட்டின் மண்டல எண்ணால் பூட்டப்பட்டிருக்கும். அமெரிக்காவும் போர்ட்டோ ரிக்கோவும் மண்டலம் 1. மெக்சிகோவும் தென் அமெரிக்காவும் மண்டலம் 4. இயக்குநர் அன்போடு அனுப்பிய டிஸ்க் உங்கள் கருவியில் திறக்காது. ப்ளூ-ரேயில் இந்தச் சிக்கல் இல்லை, இரு அமெரிக்காவும் ஒரே மண்டலம். ஸ்பெயினிலிருந்து வருவது மட்டும் வேறு.

திரை, அரங்கு

12 அடி அகலம், 6.75 அடி உயரத் திரையின் பரப்பு 81 சதுர அடி. திரையரங்கு அளவுக்கு ஒளி வேண்டுமானால் 16 ஃபுட்-லாம்பர்ட் (திரைப் பிரகாசத்தின் அலகு) கணக்கில் சுமார் 1,300 லூமென் (ஒளியின் அலகு) திரையில் விழ வேண்டும். ப்ரொஜெக்டர் பெட்டியில் எழுதியிருக்கும் லூமென் எண் படம் காட்டும் நிறமுறையில் பாதியாகக்கூடக் குறையும். ஆகவே இருட்டறைக்கு 3,000. சன்னலில் வெளிச்சம் கசியும் மண்டபத்துக்கு 5,000. அதைவிட நல்லது, கறுப்புத் துணியும் ஒட்டுநாடாவும் வாங்கிச் சன்னலை மூடுவது.

சமதளத் தரை மண்டபத்தில் எல்லாரும் செய்யும் தவறு திரையின் உயரம். வசனவரி திரையின் அடியில் வருகிறது. உட்கார்ந்திருப்பவரின் தலை நான்கடிக்குச் சற்று மேல். திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து ஐந்தடிக்கு மேல் இல்லாவிட்டால் மூன்றாம் வரிசைக்குப் பின்னால் உள்ளவர்கள் வசனத்தைப் படிக்கவே முடியாது. வசனவரியை நம்பி வந்தவர் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவார். நாற்காலியைச் சதுரங்கக் கட்டம்போல் மாற்றி மாற்றிப் போட்டாலும் கொஞ்சம் உதவும். 12 அடித் திரைக்குக் கடைசி வரிசை 40 அடிக்குள் இருக்கட்டும்.

ஒலிக்கு ப்ரொஜெக்டரின் சொந்த ஸ்பீக்கர் எதற்கும் உதவாது. திரையின் இரு பக்கமும் 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு வையுங்கள். 200 இருக்கை அரங்கில் சக்கர நாற்காலிக்கு ஐந்து இடம் என்பது மத்திய அரசின் அணுகல் தரவிதி. அவை கடைசி மூலையில் அல்லாமல் துணைக்கு வருபவரும் பக்கத்தில் உட்காரும்படி இருக்க வேண்டும். பூங்காவில் காட்டுவதானால் சூரியன் மறைந்து அரைமணி நேரம் கழித்தே படம் தெரியும். ஜூனில் அது இரவு 9 மணி, குழந்தைகள் தூங்கிவிடும். முதல் வருடம் கூரைக்குள்ளேயே நடத்துங்கள். பள்ளியோ பூங்காத் துறையோ பத்து லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழ் கேட்பது வழக்கம்.

பணம்

மாதிரிக் கணக்கு:

- முழுநீளப் படம் 5 × 300 = 1,500
- குறும்படம் 12 × 50 = 600
- அரங்கு வாடகை 3 நாள் × 800 = 2,400
- ப்ரொஜெக்டர் இயக்குபவர் 24 மணி × 35 = 840
- காப்பீடு 300
- அச்சு, சுவரொட்டி 600
- ஒரு விருந்தினர்: விமானம் 600, மூன்று இரவு தங்கல் 540, சாப்பாடு 180 = 1,320
- மொழிபெயர்ப்பாளர், இரண்டு காட்சி = 300
- திறப்புவிழா விருந்து 700

கூட்டினால் 8,560. எதிர்பாராச் செலவுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் ஏறத்தாழ 9,400 டாலர். டிக்கெட் 7 டாலர், சராசரி நூறு பேர், ஏழு காட்சி என்றால் வரவு 4,900. அதாவது டிக்கெட் பாதியைத்தான் தாங்கும். மீதி நகரக் கலைமன்றம், மாநில மானிடப் பண்பியல் மன்றம், தூதரகம், உள்ளூர்க் கடைகளிடமிருந்து வர வேண்டும். மெக்சிகோ தூதரகங்களுக்குப் பண்பாட்டுப் பிரிவு உண்டு. பணத்தைவிட விமான டிக்கெட்டோ விருந்தோ கேட்டால் எளிதில் கிடைக்கும். பதிவுபெற்ற லாபநோக்கற்ற அமைப்பு உங்களிடம் இல்லையென்றால், இருக்கும் ஒன்றின் குடையில் மானியம் வாங்கலாம். அவர்கள் 5 முதல் 10 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள்.

இலவச நுழைவா? பதிவு செய்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை வராமல் போவது சாதாரணம். கட்டணம் 3 டாலராக இருந்தாலும் வருகை உறுதிப்படும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இலவசம் என்று வைத்துவிட்டு மற்றவர்களிடம் வாங்குங்கள்.

விருந்தினர்

போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வருபவர் அமெரிக்கக் குடிமகன். விசாக் கவலை இல்லை. லத்தீன் அமெரிக்காவில் விசாவிலக்குத் திட்டத்தில் நீண்டகாலமாக இருக்கும் நாடு சிலி. மற்றவர்களுக்குத் தூதரக நேர்காணல் தேதி கிடைக்கவே பல மாதம் ஆகலாம். அழைப்புக் கடிதத்தை எட்டு மாதம் முன்பே அனுப்புங்கள்.

காணொளியில் பேச வைப்பதானால் கடிகாரத்தைக் கவனியுங்கள். மெக்சிகோவின் பெரும்பகுதி 2022இல் கோடைநேர மாற்றத்தைக் கைவிட்டது. அதனால் சிகாகோவுக்கும் மெக்சிகோ நகருக்கும் குளிர்காலத்தில் ஒரே நேரம், கோடையில் ஒரு மணி வித்தியாசம். ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸில் இரவு 7 மணி என்றால் புவனோஸ் ஐரஸில் 11. 'உங்கள் நேரம் இத்தனை' என்று அவருடைய ஊர்க் கணக்கில் எழுதி அனுப்புங்கள்.

வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்த்தால் 25 நிமிடக் கேள்வி பதிலில் பேச்சு 12 நிமிடம்தான். கேள்வி நான்கு போதும். அரங்கில் முக்கால்வாசிப் பேருக்கு ஸ்பானியம் தெரியுமானால், ஸ்பானியத்திலேயே நடத்தி ஆங்கிலத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். தங்கள் மொழியில் நடக்கும் விழாவைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள்.

ஆட்களை வரவழைப்பது

இன்ஸ்டாகிராம் சினிமா ஆர்வமுள்ள இளைஞர்களைக் கொண்டுவரும். பேட்டைக் குடும்பங்களை அழைக்க ரொட்டிக்கடை, துணிதுவைக்கும் கடை, தேவாலய அறிவிப்பு, பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழு, ஸ்பானிய வானொலி ஆகியவைதான் வழி. சுவரொட்டியில் ஸ்பானியம் மேலே, ஆங்கிலம் கீழே. படத்தின் நாட்டைப் பெரிய எழுத்தில் போடுங்கள். இயக்குநர் பெயரைவிட 'ஹோண்டுராஸ்' என்ற சொல்தான் ஹோண்டுராஸ்காரரை நிறுத்தும். மூன்று வாரம் முன் ஒரு சுற்று, கடைசி வியாழன் இன்னொரு சுற்று.

குடியேற்ற அதிகாரிகள் மீதான பயம் பல பேட்டைகளில் நிஜம். நுழைவில் அடையாள அட்டை கேட்காதீர்கள், முகவரி வாங்காதீர்கள், சீருடைக் காவலரை வாசலில் நிறுத்தாதீர்கள். கூட்டத்தைப் படம் எடுக்கும் முன் அறிவியுங்கள். முகம் தெரிய வேண்டாம் என்பவருக்குத் தனி நிறப் பட்டை கொடுத்தால் புகைப்படக்காரருக்கு எளிது. பொதுமக்கள் நடமாடும் முன்கூடத்துக்கு அதிகாரிகள் வரலாம்; தனியார் பகுதிக்குள் நுழைய நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் வேண்டும் என்பது தன்னார்வலர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். சட்ட உதவி அமைப்பு ஒன்றின் எண்ணை டிக்கெட் மேசையில் ஒட்டி வையுங்கள்.

விழா நாட்கள்

வியாழன் அன்று எல்லாக் கோப்பையும் அதே கருவியில், அதே அரங்கில் போட்டுப் பாருங்கள்: முதல் ஐந்து நிமிடம், நடுவில் ஒன்று, கடைசி மூன்று நிமிடம். வசனவரி சரியா, ஒலி எல்லா ஸ்பீக்கரிலும் வருகிறதா, விகிதம் கசங்கித் தெரிகிறதா என்று குறித்துக்கொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஒலியளவை ஒரு தாளில் எழுதி ப்ரொஜெக்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். குறும்படங்களில் ஒலி ஒன்றுக்கொன்று கன்னாபின்னாவென்று மாறும். எல்லாவற்றுக்கும் எச்.264 நகல் ஒன்றைத் தனி மடிக்கணினியில், உரிமையாளர் சம்மதத்தோடு, தயாராக வையுங்கள்.

தன்னார்வலர் ஒரு காட்சிக்கு ஆறு பேர்: டிக்கெட்டுக்கு இருவர், கதவுக்கு இருவர், விருந்தினருக்கு ஒருவர், ப்ரொஜெக்டர் அறைக்கும் மேடைக்கும் நடுவே ஓட ஒருவர். ஆறாவது ஆள் இல்லாத விழாக்களில்தான் மேடையில் அறிமுகப் பேச்சு நடக்கும்போதே படம் ஓடத் தொடங்கும். நன்கொடையாளர் பேச்சு மூன்று நிமிடம், அதுவும் திறப்பு நாளில் மட்டும்.

முடிந்த பிறகு பத்து நாளுக்குள் எல்லாத் தொகையையும் கொடுத்துவிடுங்கள். வருகை எண்ணிக்கையை விநியோகஸ்தருக்கும் குறும்படக்காரர்களுக்கும் எழுதுங்கள். அரங்கு பாதி காலியாக இருந்தாலும் உள்ளதைச் சொல்லுங்கள், அடுத்த வருடக் கட்டணப் பேச்சுக்கு அந்த எண்தான் அடிப்படை. தேர்வான படங்களுக்கு விழா முத்திரைக் கோப்பை அனுப்புங்கள். வட்டுகளை வந்த பெட்டியிலேயே, கண்காணிப்பு எண்ணோடு திருப்பி அனுப்பிவிட்டு, சர்வரிலும் மடிக்கணினியிலும் இருக்கும் நகல்களை அழித்து, அழித்ததாக உரிமையாளருக்கு ஒரு வரி எழுதுங்கள்.